நான் சாப்பிட்டாச்சு

மார்ச் 4

அன்புள்ள பொடிசுக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? இந்த வரியை எழுதியதும், இனி மூன்று பேரை விசாரிக்க வேண்டும் என்று தோன்றியது.

மாப்பிள்ளை போன் செய்தபோது நான் ஆஸ்பத்திரிச் சமையலறையில் முந்நூறு பேருக்குப் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தேன். "அக்கா, ஒரு விஷயம் சொல்லணும், கொதிக்கிற பாத்திரத்துப் பக்கத்துல நிக்காதீங்க" என்றார். லிஃப்ட் மெக்கானிக் அல்லவா, எச்சரிக்கைப் பலகையை மாட்டிவிட்டுத்தான் எதையும் தொடுவார். பிறகு நீ போனை வாங்கினாய். நான் பத்துக் கேள்வி கேட்டேன். பத்துக்கும் "ம்" என்றாய். அதனால்தான் இந்தக் கடிதம். வெறும் "ம்" எழுதி அஞ்சல் பெட்டியில் போட உனக்கே வெட்கமாக இருக்கும்.

இத்துடன் ஓர் அட்டவணை வைத்திருக்கிறேன். பிரசவ வார்டுக்கு எந்தத் தட்டில் எது போக வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிற டயட் மேடத்திடம் கெஞ்சி வாங்கியது. முட்டையை முழுதாக வேகவைத்துச் சாப்பிடு. கீரையை மண் போகக் கழுவு. பருப்போ பயறோ இல்லாமல் ஒருவேளைகூடப் போகக் கூடாது. சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதே, டீ அதன் வேலையைக் கெடுத்துவிடும். எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு விழுங்கு. இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. ஒருத்திக்கு ஒழுங்காகச் சாப்பிட்டாலே போதும், பிள்ளை தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் மேலே, ரத்தப் பரிசோதனை. இந்த மாதமே போ. மற்றதில் ஏமாற்றினாலும் இதில் ஏமாற்றாதே.

இதை எழுதி முடிப்பதற்குள் நான்கு முறை எழுந்து ஜன்னல் வரை போய்விட்டேன். அடுத்தது என்ன எழுத வேண்டும் என்று தெரியாமல் இல்லை. உட்கார முடியவில்லை. உடனே பதில் போடு. நேரத்துக்குத் தூங்கு.

அக்கா

•

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

பொடிசு எழுதுவது. வாந்தியைத் தவிர நாங்கள் மூன்று பேரும் சுகம். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது?

உன் அட்டவணையை அவர் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டார். லிஃப்டுக்குள் "எட்டுப் பேருக்கு மேல் ஏறக் கூடாது" என்று மாட்டுவார்களே, அதே மாதிரி. நீ என்ன, என் வயிற்றுக்கு மேஸ்திரியா?

தொழிற்சாலையில் யாருக்கும் சொல்லவில்லை. நான் கோப்பைகளுக்குப் பிடி ஒட்டுகிற பிரிவில் இருக்கிறேன் என்பது உனக்குத் தெரியுமே. கோப்பை தனியாகவும் பிடி தனியாகவும் அச்சிலிருந்து வரும். சுடுவதற்கு முன்னால், மண் ஈரமாக இருக்கும்போதே, குழைத்த களிமண்ணைத் தொட்டு ஒட்ட வேண்டும். கை நடுங்கினால் பிடி கோணிப் போகும். எனக்குக் கோணியதே இல்லை. பிள்ளைத்தாய்ச்சி என்று தெரிந்தால் இங்கே முதலில் நாற்காலி போகும், அப்புறம் வேலை போகும். போன வருடம் மெருகுப் பிரிவில் ஒருத்தியை "வீட்டுல ரெஸ்ட் எடும்மா" என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார் எங்கள் சூப்பர்வைசர். அவள் இன்னும் ரெஸ்ட்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாள். வாயில் எப்போதும் சீழ்க்கை அடித்துக்கொண்டு வருவதால் அவருக்கு விசில் என்று பெயர். சீழ்க்கை கேட்டால் நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை, ஆனால் பூசணிக்காய் இன்னும் பிஞ்சுதானே.

ஒன்று கேட்க வேண்டும். நான் வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்கும் இப்படி வாந்தி இருந்ததா? உனக்கு அப்போது ஒன்பது வயது, ஞாபகம் இருக்கும். எனக்குக் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

பொடிசு

•

ஏப்ரல் 2

அன்புள்ள பொடிசு,

உன் கடிதம் வந்தது. எனக்கு முட்டி வலி குறைந்துவிட்டது. மாப்பிள்ளையின் இருமல் நின்றதா?

வாந்திக்கு வழி சொல்கிறேன். ஒரேயடியாகத் தட்டு நிறையப் பார்க்காதே. கைப்பிடி அளவு, இரண்டு மணிக்கு ஒருதரம். காலையில் எழுந்திருக்கும் முன்பே காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்றைக் கடித்துக்கொள். தாளிக்கிற வாசனை ஆகாதென்றால் ஆறிய சோறு சாப்பிடு. வேலை செய்கிற இடத்தில் பொட்டலம் மடித்த வேர்க்கடலை வைத்துக்கொள், விசில் பார்த்தால் அவருக்கும் இரண்டு கொடு.

எங்கள் சமையலறையில் தட்டு போவதைவிடத் திரும்பி வருவதைத்தான் நான் கவனிப்பேன். நேற்று ஏழாம் எண் கட்டிலிலிருந்து தட்டு காலியாக வந்தது. வழித்துத் துடைத்த மாதிரி. எனக்குச் சந்தேகம். மேலே போய்ப் பார்த்தேன். அந்தப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பார்க்க வந்த மாமனார் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வேளை தட்டை நானே கொண்டுபோய், அவள் தின்று முடிக்கிற வரை பக்கத்தில் நின்றேன். "நீங்க போங்கக்கா, வேலை இருக்கும்" என்றாள். "இதுதான் என் வேலை" என்றேன்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன். ரத்தப் பரிசோதனை ஆயிற்றா? என்ன எண் வந்தது?

அக்கா

•

ஏப்ரல் 30

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்குத் திட்டாதே. அவருக்கு இருமல் நின்றுவிட்டது. எனக்கும் வாந்தி நின்றுவிட்டது. நீ நலமா?

நீ சொன்ன மாதிரியே சாப்பிடுகிறேன். காலையில் வேகவைத்த முட்டை, ஒரு டம்ளர் பால். பத்து மணிக்கு ஒரு பழம். மதியம் சோறு, பருப்பு, கீரை, ஒரு காய். நாலு மணிக்கு வேகவைத்த பயறு ஒரு கிண்ணம். ராத்திரி இரண்டு ரொட்டி, தயிர், காய். மாத்திரை எலுமிச்சைத் தண்ணீரோடு. போதுமா? பரிசோதனைக்கு அடுத்த வாரம் போகிறேன், இந்த வாரம் ஆர்டர் அதிகம்.

எனக்கு எங்கும் நிலைகொள்ளவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் உட்காரத் தோன்றுகிறது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு தட்டுகிறது. இதெல்லாம் சகஜம் என்று பக்கத்து வீட்டம்மா சொன்னார். ஒரு வேடிக்கை கேள். எனக்கு இப்போது மண் வாசனை என்றால் உயிர். தண்ணீர் தெளித்த தரை, நனைந்த சுவர், எங்கள் பிரிவில் காலையில் பிரிக்கிற களிமண் மூட்டை. மூச்சை இழுத்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீ எழுதவில்லை. மறந்திருப்பாய். காய்ச்சல் வந்துதான் போனாள் என்று தெரியும், அதற்கு முன்னால் எப்படி இருந்தாள் என்றுதான் கேட்கிறேன். என்ன சாப்பிடப் பிடிக்கும் அவளுக்கு?

முட்டிக்கு எண்ணெய் தேய்.

பொடிசு

•

மே 9

பொடிசு,

நலம். நீ நலமாக இல்லை என்று நினைக்கிறேன்.

அட்டவணையை எடுத்து உன் கடிதத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முட்டை, பால், பழம், சோறு, பருப்பு, கீரை, காய், பயறு, ரொட்டி, தயிர். ஒரு சொல் முன்பின் மாறவில்லை. நான் அனுப்பியதை எனக்கே நகல் எடுத்து அனுப்பியிருக்கிறாய். ஐந்தாம் வகுப்பில் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதியபோது அவள் பெயரையும் சேர்த்து எழுதினாயே, அப்போதிலிருந்து உனக்குத் திருடத் தெரியாது. சாப்பிடுகிறவள் இப்படி எழுத மாட்டாள். பால் திரிந்துபோனது, முட்டை அலுத்துவிட்டது, பயறு வாயுவாக இருக்கிறது என்று எழுதுவாள்.

உண்மையில் என்ன சாப்பிடுகிறாய்? மதியம் கேன்டீனுக்குப் போகிறாயா?

மண் வாசனை பிடிக்கிறது என்றாயே. வாசனை மட்டும்தானா? ரத்தம் குறைந்தவர்களுக்கு மண்ணும் சாம்பலும் சுண்ணாம்பும் தின்னத் தோன்றும். வார்டில் ஒருத்தி சுவரைச் சுரண்டியதை நானே பார்த்திருக்கிறேன். அது கெட்ட பழக்கம் இல்லை, உடம்பு போடுகிற கூச்சல். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல். படி ஏறினால் நெஞ்சு தட்டுவதையும் சொல். பக்கத்து வீட்டம்மா எந்தக் காலேஜில் படித்தார்?

எண் என்ன? அது மட்டும் எழுது போதும். ஒரு கார்டில் எண்ணை மட்டும் எழுதிப் போடு.

அக்கா

•

ஜூன் 6

அன்புள்ள பொடிசு,

நாலு வாரம் ஆகிவிட்டது. கோபமா? போன் எடுத்தால் "வேலையா இருக்கேன்க்கா, சாப்பிட்டாச்சு, வைக்கிறேன்" என்கிறாய். நான் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவே இல்லையே, அதற்கு முன்பே "சாப்பிட்டாச்சு" என்று ஏன் சொல்கிறாய்?

இங்கே மூன்று நாளாக நான் உப்பு போட்டதையே மறந்து மறுபடி போடுகிறேன். உப்பில்லாத தட்டு போக வேண்டிய கட்டிலுக்கு வேறு தட்டு போய்விட்டது. டயட் மேடம் என்னை உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

திட்ட மாட்டேன். எழுது.

அக்கா

•

ஜூன் 17

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. போனில் சொல்லலாம் என்றால் அவள் பக்கத்திலேயே படுத்திருக்கிறாள். இப்போது ஆபத்து இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வியாழக்கிழமை தொழிற்சாலையில் மயங்கி விழுந்துவிட்டாள். பலகையோடு இருபத்துநாலு கோப்பையும் சரிந்ததாம், அங்கே எல்லோரும் வெயில் மயக்கம் என்றே நினைத்துக்கொண்டார்களாம். நான் ஒரு கட்டடத்தில் ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் லிஃப்டின் கூரைமேல் நின்றிருந்தேன். இறங்கி வருவதற்கே இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடத்தை நான் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது அக்கா.

ரத்தத்தில் எண் ஆறரை. குறைந்தது பதினொன்று இருக்க வேண்டுமாம். டாக்டரம்மா என்னைத்தான் திட்டினார். "அஞ்சு மாசமா பொண்டாட்டி மொகத்தப் பாக்கவே இல்லையா?" என்றார். பார்த்தேன். வெளுத்திருந்தாள். நிறம் வந்திருக்கிறது என்று நினைத்தேன். முட்டாள் நான்.

ஒரு பை ரத்தம் ஏற்றினார்கள். இரும்புச்சத்து ஊசி தொடர்ந்து போட வேண்டும். குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் மாதத்துக்கு ஏற்ற வளர்த்தி இல்லை என்றார்கள்.

அவள் வேலைத் துணியைத் துவைக்க எடுத்தேன். பையில் சுடாத கோப்பையின் உடைந்த விளிம்புகள் இருந்தன. ஓரமெல்லாம் பல் பட்ட அடையாளம். என்னவென்று கேட்டேன். அழுதாள். கேன்டீன் எண்ணெய் வாசனைக்கு அங்கேயே வாந்தி எடுத்து எல்லோருக்கும் தெரிந்துவிடுமோ என்று மூன்று மாதமாக மதியச் சாப்பாட்டுக்கே போகவில்லையாம். இடத்திலேயே உட்கார்ந்து அதை மென்றிருக்கிறாள். வேலைக்குக் கொண்டுபோக வாங்கிய வேர்க்கடலை பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. வீட்டுக்கு வந்தால் "அங்கயே சாப்பிட்டாச்சு" என்பாள். நானும் நம்பி இரண்டு பேர் சோற்றையும் தின்றேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று சத்தியம் வாங்கினாள். "போன்ல சொல்ல மாட்டேன்" என்றுதான் சத்தியம் செய்தேன். உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை

•

ஜூன் 21

என் பொடிசுக்கு,

மாப்பிள்ளையைத் திட்டாதே. எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை, தெரியும்.

கடிதம் வந்த அன்றே பை கட்டினேன். லீவும் கிடைத்தது. ஆனால் பை மூலையில் கிடக்கிறது. நான் வந்து உன் முன்னால் நின்றால் வாயைத் திறக்க மாட்டேன். அடுப்பைப் பற்றவைத்துவிடுவேன். முப்பது வருடமாக அப்படித்தான் தப்பித்து வருகிறேன். அதனால் முதலில் எழுதிவிடுகிறேன்.

அம்மாவுக்குக் காய்ச்சல் வரவில்லை.

நாம் அப்போது ஒரு கிடங்கின் பின்பக்கம் இரண்டு அறையில் இருந்தோம். அப்பா லாரியில் போனால் பத்து நாள் வரமாட்டார். சமைத்ததை அம்மா முதலில் எனக்குப் போடுவாள். "நீ?" என்றால், "நான் அப்பவே சாப்பிட்டாச்சுடி" என்பாள். எப்போது என்று நான் கேட்டதில்லை. பாத்திரத்தை அவள் சுரண்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். உன்னைச் சுமந்திருந்தபோது அவள் அடுப்புச் சாம்பலைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்வாள். நான் பார்த்தால் சிரிப்பாள்.

சுகாதார நர்ஸ் ஒருத்தர் வாராவாரம் வருவார். அம்மாவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு ஒரு டின் சத்துமாவு கொடுத்தார். பாலில் கரைத்து இரண்டு வேளை குடிக்க வேண்டும். இனிப்பு மாவு. நான் ஒருநாள் ஒரு கரண்டி வாயில் போட்டேன். மறுநாள் இரண்டு. அம்மா துணி துவைக்கப் போகிற நேரம் பார்த்து, மாவு மேலண்ணத்தில் ஒட்ட ஒட்டத் தின்றேன். தின்றுவிட்டு டின்னை ஆட்டி மேல்மட்டத்தைச் சமன் செய்து வைப்பேன். பள்ளம் தெரியக் கூடாது என்று.

ஒருநாள் அம்மா உள்ளே இருக்கும்போது நர்ஸ் என்னை வாசலில் நிறுத்திக் கேட்டார். "அம்மா மாவு கரைச்சுக் குடிக்கிறாங்களாம்மா?"

"ரெண்டு வேளையும் குடிக்கிறாங்க" என்றேன்.

"சமத்து" என்று என் தலையைத் தடவினார்.

நீ பிறந்தபோது ரத்தம் நிற்கவில்லை. நின்றிருந்தாலும் அவள் உடம்பில் ரத்தம் மிச்சமில்லை என்று அங்கே பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் போய்விட்டாள். டின்னில் அடி தெரிந்தது. அதைக் கொண்டுபோய்க் கிடங்கு மதிலுக்கு அந்தப் பக்கம் வீசினேன். யார் கேட்டாலும் காய்ச்சல் என்று சொன்னேன். அப்பாவும் அதையே சொல்லப் பழகினார்.

அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டாய். எனக்குத் தெரியாது. அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

வரட்டுமா? நீ சொல்.

அக்கா

•

ஜூலை 20

அக்கா,

ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன். எண் எட்டு. நீ வர வேண்டாம்.

ஒரு மாதமாக இந்தப் பதிலை எழுதி எழுதிக் கிழிக்கிறேன். மாவைத் தின்றதற்காக எனக்குக் கோபம் இல்லை. பசித்த பிள்ளை இனிப்பைக் கண்டால் தின்னாமல் என்ன செய்யும்? கோபம் வேறு.

நான் இரண்டு தடவை கேட்டேன். மார்ச்சில் ஒரு தடவை, ஏப்ரலில் ஒரு தடவை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக நழுவினாய். ஏழாம் எண் கட்டில் கதையெல்லாம் எழுதினாய். "அம்மா ரத்தம் இல்லாமல் செத்தாள், அவளும் சாம்பல் தின்றாள்" என்று ஒரு வரி எழுதியிருந்தால், முதல்முதலாக அந்தக் கோப்பைத் துண்டை வாயில் வைத்தபோதே பயந்திருப்பேன். நான் பைத்தியம் ஆகிறேன் என்று நினைத்து அதை மறைத்தேன், தெரியுமா? மே மாதம் நீ சுவரைச் சுரண்டியவளைப் பற்றி எழுதும் வரை, உலகத்தில் இப்படித் தின்கிறவள் நான் ஒருத்திதான் என்று நினைத்தேன்.

முப்பது வருடமாக என்னைத் "தின்னு, தின்னு" என்று விரட்டினாய். நீ எனக்குச் சோறு போடவில்லை, அக்கா. என் வாய் வழியாக அம்மாவுக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். அதனால்தான் உன் அட்டவணை எனக்குத் தொண்டையில் இறங்கவில்லையோ என்னவோ.

இப்போதைக்கு எழுதாதே. நான் சாப்பிடுகிறேன். இது பொய் இல்லை. முட்டை அலுத்துவிட்டது. பயறு வாயுவாக இருக்கிறது.

பொடிசு

•

ஆகஸ்ட் 28

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றால் நிஜமாகவே எழுதாமல் இருப்பாயா? முட்டி எப்படி இருக்கிறது? அவர் தினமும் அஞ்சல் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, நான் கேட்காமலே "இல்ல" என்கிறார்.

எண் ஒன்பதரை. குழந்தை உதைக்கிற உதையில் தட்டை வயிற்றின்மேல் வைத்துச் சாப்பிட முடியவில்லை. மண் ஆசை ஒருநாள் காலையில் தானாகவே போய்விட்டது. களிமண் மூட்டையைப் பிரித்தார்கள், எனக்கு வெறும் மண்ணாகத் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது.

தொழிற்சாலைக்கு நானே நேரே போய் விசிலிடம் சொன்னேன். "ஆறு மாசம் மறைச்சேன், இனி முடியாது. என்ன செய்யணுமோ செய்ங்க" என்றேன். அவர் வாயில் சீழ்க்கை பாதியில் நின்றது. "ஏம்மா, எங்கிட்ட சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?" என்றார். "ஆமா, போன வருஷம் ஒருத்தியத் தின்னீங்க" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. பின்னால் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். இரண்டு நாள் இழுத்தடித்துவிட்டு, கோப்பையில் பூப்படம் ஒட்டுகிற பிரிவில் உட்காரவைத்தார். மனம் இரங்கினாரா, பயந்தாரா, தெரியாது. பெண்கள் முறை வைத்து மதியம் என்னைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். டாக்டரம்மாவிடம் யாரோ ஒருத்தியின் கதை மாதிரிக் கேட்டேன். ஒரு டின் மாவை அந்தப் பெண் ஒழுங்காகக் குடித்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று. அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மாவுல அவ்வளவு ரத்தம் ஊறாதும்மா. அந்த அளவுக்குக் கொறஞ்சா மாத்திரை வேணும், ஊசி வேணும், பிரசவத்தப்ப பக்கத்துல ரத்தம் வச்சிருக்கணும். இதெல்லாம் பெரியவங்க செய்ய வேண்டிய வேலை. அந்த நர்ஸ் கண்ணிமையப் பாத்தாங்களே, பாத்துட்டு ஏன் ஒரு டின்னோட போனாங்க? அத யாராச்சும் கேட்டாங்களா?" என்றார்.

நான் யார் கதை என்று சொல்லவே இல்லை. "உங்க அக்காவ வரச் சொல்லும்மா" என்றார்.

வா.

பொடிசு

•

நவம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்தது அவருக்கு நீ செய்த போனில் தெரிந்தது. குட்டி இப்போது இரண்டு கிலோ எழுநூறு. பிறந்தபோது இருந்ததைவிட நானூறு கிராம் கூட. பால் குடிக்கும்போது உறுமுகிறாள். எனக்குத் தையல் காய்ந்துவிட்டது. உனக்கு எப்படி இருக்கிறது?

நான் எழுதியதற்குப் பதில் போடாமல், பிரசவத்துக்கு முந்தின வாரம் பையோடு வாசலில் வந்து நின்றாயே, அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். நேராக அடுப்பறைக்குப் போனாய். நான் பின்னாலேயே வந்து அடுப்பை அணைத்தேன். அப்புறம் நாம் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அழுதோம். அவர் கதவருகில் நின்று, உள்ளே வரலாமா போகலாமா என்று தெரியாமல், விளக்கு சுவிட்சைப் பழுதுபார்ப்பது மாதிரி நடித்தார்.

பிரசவத்தில் எனக்கும் ரத்தப்போக்கு நிற்க நேரமானது. அது உனக்குத் தெரியும். ஆனால் பக்கத்திலேயே இரண்டு பை தயாராக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது அம்மாவை நினைத்தேன். பயமாக இல்லை. அவளுக்கு இது கிடைக்கவில்லையே என்று ஆத்திரமாக இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன்னை ஊருக்கு அனுப்பிவிட்டு வந்து அவர் ஒரு செய்தி சொன்னார். "சொல்ல வேண்டாம்" என்று அவரிடம் சத்தியம் வாங்கினாயாமே. அவர் சத்தியத்தை நம்பிய இரண்டாவது ஆள் நீ.

எனக்குக் கொடுக்க ரத்த வங்கியில் முதலில் நீதான் போய்க் கையை நீட்டினாயாம். விரலில் குத்திப் பார்த்துவிட்டு உன்னை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்களாம். "உங்களுக்கே ஏத்தணும் போலிருக்கே, நீங்க எங்க கொடுக்குறது" என்றாளாம் அங்கே இருந்த பெண். எட்டு புள்ளி ஒன்பது. அதற்குப் பிறகுதான் அவருடைய கம்பெனி மெக்கானிக்குகள் கிரீஸ் கையோடு வரிசையில் நின்றார்களாம்.

இங்கே இருந்த மூன்று வாரமும் எனக்குப் பரிமாறினாய். அவருக்குப் பரிமாறினாய். "நீ?" என்று நான் கேட்டேன் அக்கா. நன்றாக ஞாபகம் இருக்கிறது. "நான் சமைக்கும்போதே சாப்பிட்டாச்சு" என்றாய். நானும் நம்பினேன். உன் கடிதங்களை எல்லாம் எடுத்து நேற்றுப் படித்தேன். முந்நூறு பேர் என்ன சாப்பிட்டார்கள் என்று இருக்கிறது. நீ என்ன சாப்பிட்டாய் என்று ஒரு வரி இல்லை.

என்ன செய்யப்போகிறாய் என்று எழுது. அட்டவணையை நகல் எடுத்து அனுப்பினால் கண்டுபிடித்துவிடுவேன்.

உன் பொடிசு

•

டிசம்பர் 3

அன்புள்ள பொடிசுக்கும் மாப்பிள்ளைக்கும் குட்டிக்கும்,

மூன்று பேரும் சுகம்தானே? குட்டி குளிக்கும்போது அழுவது நின்றதா?

நீ கேட்டதற்குச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். இங்கேயே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். இங்கேயும் எட்டு புள்ளி ஒன்பதுதான். டாக்டர் வேறு சில பரிசோதனைகளும் செய்தார், வேறு நோய் ஒன்றும் இல்லை. "பதினோரு வருஷமா இந்தச் சமையலறையில இருக்கீங்க, உங்க சாப்பாட்டு நேரம் எது?" என்று கேட்டார். நின்றபடியே ருசி பார்ப்பது, அடியில் ஒட்டியதைச் சுரண்டி வாயில் போடுவது, அவ்வளவுதான் என் சாப்பாடு. பசிக்கிறது என்று எனக்குத் தோன்றுவதே இல்லை. தோன்றினால் உடனே எழுந்து ஏதாவது வேலை செய்வேன்.

டாக்டரம்மா சொன்னதை நீ எழுதியிருந்தாய். அது சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் நர்ஸ் கேட்டபோது பொய் சொன்னது நான்தான், அது அப்படியே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே இருக்கப் பழக வேண்டும் என்று நினைக்கிறேன்.

டயட் மேடத்திடம் விஷயத்தைச் சொன்னேன். ஊருக்குத்தான் உபதேசமா என்று திட்டிவிட்டு, நோயாளிகளுக்கு எழுதுகிற மாதிரியே எனக்கும் ஒரு சீட்டு எழுதினார். இரும்புச்சத்து, முழு அளவு, மூன்று வேளை. தள்ளுவண்டியில் என் தட்டும் ஏறும் என்று உத்தரவு. மற்றவர்கள் சிரித்தார்கள்.

முதல் நான்கு நாள் என் தட்டைப் பாத்திரம் கழுவுகிற அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். உன்னிடம் மறைக்கவில்லை. ஐந்தாம் நாள் அந்த அம்மா, "எனக்கு வேணாம், நீ உக்காந்து தின்னு" என்று தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

இன்று மதியம். சோறு, பருப்பு, கீரை, ஒரு முட்டை. தனி மேஜை. உட்கார்ந்தேன். இரண்டு முறை எழுந்தேன், இரண்டு முறையும் மறுபடி உட்கார்ந்தேன். முதல் கவளத்தைத் தண்ணீர் குடித்து விழுங்கினேன். மூன்றாவது தானாகவே இறங்கியது. தட்டு காலியானது. காலியானதும், பொடிசு, எனக்கு இன்னும் பசித்தது. அப்படிப் பசித்தது. எத்தனை வருடமாயிற்று என்று தெரியவில்லை.

எழுந்து போய் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை. பிறகு, அடுத்த கரண்டியும் போட்டுக்கொண்டேன்.

அக்கா